மான்கள் உலவும் கந்தோர் வளவில் இனிப்புப் பரிமாறுவது எப்படி?

திருகோணமலைக் கோட்டைக்குள்ளும் கடற்கரையோரத்திலும் கச்சேரியை அண்டிய வீதிகளிலும் வேலை செய்பவர்களுக்குப் புள்ளிமான் அன்றாடம் கண்ணில் படுகிற விலங்கு. போர்த்துக்கேயர் 1624 இல் கட்டி, ஆங்கிலேயர் 1803 இல் பிரெடெரிக் கோட்டை என்று பெயரிட்ட அந்தக் கோட்டையின் மர நிழலில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் மான்கள், காலையிலும் மாலையிலும் வாசலைத் தாண்டி நகருக்குள் இறங்கி, கந்தோர் வளவுகளின் புல்லையும் பூஞ்சாடிகளையும் மேய்ந்துவிட்டு, குப்பைப் பீப்பாக்களையும் ஒரு கை பார்த்துவிட்டே திரும்புகின்றன. இப்படிப்பட்ட வளவொன்றில் பிறந்தநாள், பதவியுயர்வு, இடமாற்றப் பிரியாவிடை, பொங்கல், புதுவருடம், பெருநாள், நத்தார் என்று ஏதாவதொன்றை முன்னிட்டு வீட்டில் செய்த இனிப்பைக் கொண்டுபோய்ப் பரிமாறப் போகிறவருக்காக இந்தக் குறிப்புகள் எழுதப்படுகின்றன. என்ன இனிப்புச் செய்வது என்று யோசிக்கும்போதே, அதன் உறையும் மிச்சமும் எங்கே போய்ச் சேரும் என்பதையும் சேர்த்தே யோசித்துவிட வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது. கொண்டாட்டம் முடிந்த பிறகு அதை யோசித்துப் பயனில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள், மான் மட்டும் குப்பைத்தொட்டியடியில் நிற்கும்.

இனிப்பு மானுக்கு ஏன் ஆகாது

மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் புல், இலை, பட்டை போன்ற நார்ப்பொருட்களை மெதுவாக நொதிக்கச் செய்து பழகியவை. அந்த அறைக்குள் கேக், சோறு, பாண், இனிப்புருண்டை என்று சீனியும் மாவும் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தால், அவை மிக விரைவாகப் புளித்து அமிலமாகின்றன. வயிறு ஊதி, நடை தளர்ந்து, அளவு கூடினால் ஓரிரு நாளில் விலங்கு செத்தும் போகலாம். ஒரு துண்டு கேக்கினால் மான் சாகாது என்பது உண்மைதான். ஆனால் நாற்பது பேர் வேலை செய்யும் கந்தோரில் ஆளுக்கொரு துண்டு என்றால் அதன் கணக்கு வேறு.

பொலித்தீன் இதைவிடக் கெட்டது. சீனிப்பாகு ஒட்டிய பையை மான் பை என்று பார்ப்பதில்லை, அதில் படிந்திருக்கும் உப்பையும் இனிப்பையும் மணந்துதான் வாயில் போடுகிறது. முதலிரண்டு அறைகளிலிருந்து மூன்றாவது அறைக்குச் செல்லும் வழி ஒடுங்கியது என்பதால், விழுங்கிய பொலித்தீன் அதற்கப்பால் இறங்காமல் அங்கேயே தங்கி, ஒன்றோடொன்று முறுகிக் கட்டியாகிவிடும். வயிறு நிறைந்திருப்பதாக உணரும் மான் மேய்ச்சலைக் குறைத்து நாளுக்கு நாள் மெலியும். செத்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் உருண்டைகள் கிடந்த செய்தி திருகோணமலைக்காரர் பலரும் கேள்விப்பட்டதே.

எந்த இனிப்பைத் தெரிவு செய்வது

முதலில் காற்றைப் பார்க்க வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று வறட்டுச் சூட்டோடு வீசும்போது பட்டர் ஐசிங் பூசிய கேக், முச்சக்கர வண்டியில் வீட்டிலிருந்து கந்தோருக்கு வந்து சேருவதற்குள் உருகிச் சரிந்துவிடும். அதே காலத்தில் வளவுப் புல் காய்ந்து போவதால் மான்களும் வழமையைவிடப் பசியோடு திரியும். அந்த மாதங்களில் உலர்ந்த இனிப்புகளே பொருத்தமானவை. பயற்றம் உருண்டை, எள்ளுருண்டை, சீனி அரியதரம், ரவை லட்டு, நன்றாகக் கிண்டி இறுக்கிய தொதல் எல்லாம் வெயிலைத் தாங்கும். மாரியில் நிலைமை தலைகீழாகும். அப்போது முறுக்கும் கொக்கிஸும் ஒரு மணித்தியாலத்துக்குள் நமர்த்துப் போகும், வட்டிலப்பமும் புடிங்கும் பதம் மாறாமல் நிற்கும்.

அடுத்து ஆட்களைப் பார்க்க வேண்டும். திருகோணமலைக் கந்தோரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஜெலற்றின் சேர்த்த புடிங்கை முஸ்லிம் சகபாடிகள் பெரும்பாலும் தொடமாட்டார்கள் என்பதால் அதற்குப் பதிலாகக் கடற்பாசியை (அகர் அகர்) பயன்படுத்துவது நல்லது. கடற்பாசி குளிர்பெட்டிக்கு வெளியேயும் உறைந்தே இருக்கும் என்பது இந்தச் சூட்டில் மேலதிக இலாபம். வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்ணும் இந்துக்கள் முட்டை சேர்ந்த எதையும் ஒதுக்கிவிடுவார்கள், அன்று மதியம் ஜும்ஆவுக்குப் போகிறவர்களும் மேசையடியில் இருக்கமாட்டார்கள். ஆகவே வெள்ளியைத் தவிர்த்து வியாழக்கிழமையைத் தெரிவு செய்தால் பாதிச் சிக்கல் தானாகத் தீரும். நோன்பு மாதத்தில் பகல் கொண்டாட்டமே வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகப் பொதி செய்து கொடுப்பதே மரியாதை. சீனி வருத்தம் உள்ளவர்கள் எந்தக் கந்தோரிலும் இருப்பார்கள் என்பதால் ஒரு தட்டுக் கொய்யாப்பழமோ பப்பாசிப்பழமோ வெட்டி வைப்பது அவர்களைத் தனிமைப்படுத்தாமல் காக்கும்.

கந்தோருக்கென்றே இரண்டு செய்முறைகளை இங்கே விரிவாகத் தருவது தகும். ஒன்று வெயில் காலத்துக்கு, மற்றது மாரிக்கு.

பயற்றம் உருண்டைக்கு அரைக் கிலோ பயறை மெல்லிய நெருப்பில் நிறம் மாறி வாசம் எழும்வரை வறுத்து, ஆறவிட்டு, உடைத்துத் தோலைப் புடைத்து நீக்கி, மாவாக அரைத்து அரித்துக்கொள்ள வேண்டும். ஒரு முழுத் தேங்காயைத் துருவி, அந்தப் பூவைத் தாச்சியில் போட்டு, ஈரம் முற்றாகப் போய்ப் பொன்னிறமாகும்வரை கைவிடாமல் கிளற வேண்டும். இந்தப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். உருண்டை மூன்றாம் நாளில் சிக்கு மணம் எடுப்பதற்குப் பயற்றம்மா காரணமல்ல, தேங்காய்ப்பூவில் எஞ்சிய ஈரமே காரணம். வறுத்த பூவில் ஒரு சிட்டிகையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினால் அது பொருபொருவென்று உடைய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் நெருப்பில் இருக்க வேண்டும். மாவையும் பூவையும் ஒன்றாக்கி, மிளகுத்தூளும் சீரகத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஏழெட்டு ஏலக்காயின் பொடி ஆகியவற்றைக் கலந்து, 350 கிராம் சீனியை ஒரு தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கம்பிப் பதம் வரை காய்ச்சி, அந்தப் பாகைச் சிறிது சிறிதாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். கையில் பிடித்தால் உதிராமல் நிற்கும் பதம் வந்ததும் பாகை நிறுத்திவிட்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டி முடிக்க வேண்டும், ஏனென்றால் ஆறிய கலவை உதிருமேயன்றி உருளாது.

உருண்டையின் அளவு இந்த வளவைப் பொறுத்தவரை சுவையளவுக்கு முக்கியமானது. வீட்டுக்கு என்றால் தேசிக்காய் அளவில் பிடிப்பது வழக்கம். கந்தோருக்குக் கொண்டுபோவதை நெல்லிக்காய் அளவில், ஒரே வாயில் அடங்குமாறு பிடிக்க வேண்டும். பெரிய உருண்டையைக் கடித்துவிட்டுப் பாதியைக் கையில் வைத்திருப்பவருக்கு அப்போதுதான் தொலைபேசி அழைப்பு வரும், அவர் அந்தப் பாதியைச் சுவர்க் கட்டில் வைத்துவிட்டுப் போவார், பின்னேரம் அதைத் தேடிக் காகமும் அணிலும் வரும். ஒரே வாயில் முடிகிற இனிப்புக்கு மிச்சம் என்று ஒன்றில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கந்தோர்க் கொண்டாட்டங்களுக்குப் பெரிய கேக்கை விரும்புவதில்லை, அது வெட்டும்போதே பாதி உதிர்ந்து நிலத்தில் விழுகிறது.

வட்டிலப்பத்துக்குப் பத்து முட்டை, அரைக் கிலோ கித்துள் கருப்பட்டி, அரை லீற்றர் கட்டியான தேங்காய் முதற்பால் வேண்டும். கருப்பட்டியைச் சீவி, கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடித்து மணலையும் தும்பையும் நீக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். சூடான பாகில் முட்டை விழுந்தால் திரைந்து போகும். முட்டையை நுரை பொங்க அடிக்காமல் கலங்கும் அளவுக்கு மட்டும் அடித்து, ஆறிய பாகையும் பாலையும் சேர்த்து, ஏலக்காய்ப் பொடியும் துருவிய சாதிக்காயும் இட்டு, மீண்டும் ஒருமுறை வடித்து, சிறிய சில்வர் குவளைகள் பதினைந்தில் முக்கால்வாசி வரை ஊற்ற வேண்டும். ஆவி நீர் சொட்டி மேற்பரப்பில் குழி விழாமல் இருக்கக் குவளைகளின் மேல் ஒரு துணியை விரித்து மூடி, மெல்லிய நெருப்பில் இருபது, இருபத்தைந்து நிமிடம் அவித்து, நடுவில் ஈர்க்குக் குத்திப் பார்த்தால் அது ஒட்டாமல் வர வேண்டும். ஆறியதும் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் சுவை ஊறும். கஜுவை மேலே தூவுவது விருப்பத்தைப் பொறுத்தது.

கடையில் விற்கும் பிளாஸ்ரிக் கிண்ணங்கள் கைக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் வட்டிலப்பத்தின் பாணி ஒட்டிய கிண்ணத்தை விட மானுக்கும் குரங்குக்கும் பிடித்த பொருள் வேறில்லை. சில்வர் குவளையை ஒருவரும் வீசமாட்டார்கள், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கலாம், குறைந்தால் யாருடைய மேசையில் இருக்கிறது என்று கேட்கவும் முடியும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த இனிப்பைக் குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, வெப்பம் 32 பாகைக்கு மேல் போகிற நாளில் ஒரு மணித்தியாலமே எல்லை. கந்தோரில் குளிர்பெட்டி இல்லையென்றால் ஐஸ் நிரப்பிய பெட்டியில் கொண்டுபோய், பரிமாறும் நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும்.

சமைக்கவே நேரமில்லாதவருக்குத் தயிரும் பாணியும் இருக்கின்றன. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றும் ஒரு போத்தல் பாணியும் பத்துப் பேருக்குப் போதும். சட்டியின் வாயைக் கட்டியிருக்கும் தாளையும் கயிற்றையும் அவிழ்த்தவுடனேயே சட்டைப்பையில் போட்டுவிட வேண்டும், மேசையில் வைத்தால் காற்று கொண்டுபோகும். வெறுமையான சட்டியில் கறிவேப்பிலைக் கன்று நடலாம், ஆனால் அதை வளவில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் நடுவதே புத்திசாலித்தனம்.

தட்டும் அலங்காரமும்

பொலித்தீன் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரிலிருந்து இலங்கையில் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் அவை இன்னும் அங்குமிங்கும் புழங்குகின்றன என்பதை மறுக்க முடியாது. வாழையிலைத் துண்டு, பனையோலைப் பெட்டி, வீட்டுச் சில்வர் தட்டு ஆகிய மூன்றில் ஒன்றைக் கைக்கொள்வது நல்லது. வாழையிலையை மான் தின்றால் அதற்குக் கெடுதி இல்லை. ஆனால் இலையைத் தொன்னையாக மடித்து ஸ்ரேப்ளர் பின் அடிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது, அந்தப் பின்னோடு இலையை விழுங்கும் மானின் இரைப்பையைக் கம்பி துளைக்கலாம். ஈர்க்குக் குத்துவதும் கூராகவே முடியும் என்பதால், இலையை மடிக்காமல் தட்டின் மேல் பரப்பி வைப்பதே பாதுகாப்பானது.

பலூன், மினுக்குத் தாள், சுருள் நாடா ஆகியவற்றைக் கந்தோர்க் கொண்டாட்டத்திலிருந்து முற்றாக நீக்கிவிடலாம் என்பது என் துணிபு. வெடித்த பலூனின் துண்டுகள் புல்லுக்குள் கிடந்தால் பொறுக்கி முடியாது, காற்றில் கடலுக்குப் போனால் சொறிமுட்டை என்று நினைத்து ஆமை விழுங்கும். மாவிலைத் தோரணமும் பூமாலையும் போதுமான அழகு. தைப்பொங்கலுக்கு வாசலில் வாழை கட்டுவதும் தோரணம் தொங்கவிடுவதும் வழக்கமான கந்தோர்களில், காலை எட்டு மணிக்குக் கட்டிய வாழை பத்து மணிக்கு வெறும் தண்டாக நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மான் பின்னங்காலில் எழுந்து நின்று எட்டக்கூடியது என்பதால் தோரணத்தை ஓர் ஆளின் தலைக்கும் மேலே நன்றாக உயர்த்திக் கட்ட வேண்டும், கரும்பைப் பூசை முடிந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். கட்டுவதற்கு நைலோன் கயிற்றுக்குப் பதிலாக வாழைநாரைப் பயன்படுத்தினால், எட்டித் தின்றாலும் கயிறு வயிற்றுக்குள் போகாது.

எங்கே, எப்போது

மர நிழலில் மேசை போட்டுப் பரிமாறுவது கண்ணுக்கு இனியது, ஆனால் கதவு மூடக்கூடிய அறையே இதற்கு ஏற்ற இடம். மான்கள் நிழலில் அசைபோட்டபடி படுத்திருக்கும் முற்பகல் பத்து, பதினொரு மணி நல்ல வேளை. அதுவே தேநீர் வேளையுமாகும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வைத்தால் மேய்ச்சலுக்கு எழுந்த கூட்டத்துக்கு நடுவில்தான் பரிமாற வேண்டியிருக்கும்.

யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அக்கா, அந்தக் குட்டிக்கு ஒரு துண்டு குடுப்பமா? பாவம், பாத்துக்கொண்டு நிக்குது.” இதற்கு விளக்கவுரை நிகழ்த்தத் தேவையில்லை. “அதுக்குப் புல்லுத்தான் சாப்பாடு, தம்பி. இனிப்புக் குடுத்தா வயித்தில அடிச்சுப்போடும்” என்று சொல்லிவிட்டு, வேண்டுமானால் வேலைக்காரர் வெட்டிப்போட்ட புல்லையோ முருங்கை இலையையோ தூரத்தில் வைக்கச் சொல்லலாம். புல்லையும் இலையையும்கூடக் கையால் ஊட்ட அனுமதிக்கக்கூடாது. கையிலிருந்து தின்னப் பழகிய மான் அடுத்த நாள் வீதியில் போகும் ஒவ்வொரு கையையும் ஒவ்வொரு பையையும் தொடரும், வாகனத்தில் அடிபடுவதும் அப்படித்தான். கொம்பு முற்றிய ஆண்மானுக்கும், குட்டியோடு நிற்கும் பெண்மானுக்கும் வழிவிட்டு ஒதுங்குவது தனியான கவனத்துக்குரியது.

சனிக்கிழமை விரதகாரர் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்றால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு பிடி சோற்றை வெறும் இலையில், மதிலின் மேல் வைத்து, காகம் எடுத்ததும் இலையை அகற்றிவிட்டால் போதும். அதையே சாக்காக வைத்து மிச்சக் கேக்கையும் மதிலில் வைப்பதுதான் வேண்டாம்.

குரங்கு வேறு விதமான சிக்கல். கோணேசர் கோயில் பாதையிலும் கன்னியாப் பக்கத்திலும் வேலை செய்வோர் இதை நன்றாக அறிவர். இலங்கைக்கே உரிய செங்குரங்கு, தலைமயிர் தொப்பிபோல் வட்டமாக வகிர்ந்திருக்கும் அந்தச் சிறிய குரங்கு, பையைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுகொள்ளும், கன்னப் பையில் அடைத்துக்கொண்டு ஓடும். கறுப்பு முகமுள்ள சாம்பல் மந்தி பெரும்பாலும் இலைதழை தின்பது, அதன் வயிறும் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும் வயிறுதான் என்பதால் இனிப்பு அதற்கும் ஆகாது. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே. கொளுவி இறுக்கிப் பூட்டும் அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியில் இனிப்பை வைத்து, அதைத் துணிப்பையில் போட்டு, பரிமாறும் அறையின் யன்னலுக்குக் கம்பிவலை இல்லையென்றால் யன்னலை மூடிவிட வேண்டும். சரசரக்கும் பொலித்தீன் பையின் ஓசையே அவற்றை அழைக்கும். குரங்கு பையைப் பற்றிவிட்டால் இழுபறிப்படாமல் விட்டுவிடுவதும், பல்லைக் காட்டாமலும் கண்ணை உற்றுப் பார்க்காமலும் பின்வாங்குவதும் கடியிலிருந்து காக்கும்.

மிச்சமும் குப்பையும்

எஞ்சிய இனிப்பை அன்றைக்கே பங்கிட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆட்களுக்கு முதல்நாளே “பெட்டி கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டால் எவருக்கும் சங்கடமில்லை. காவலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் உரிய பங்கை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும், மிச்சத்தைக் கொடுப்பது மரியாதையாகாது. தின்ன முடியாமல் போனதை வளவின் எருக்குழியில் மேலாகக் கொட்டினால் மானும் நாயும் எலியும் கிண்டும், முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி மண்ணால் மூடினாலே அது அடங்கும். சொக்கிலேற் சேர்ந்த கேக்கை நாய்க்கு எறிவதும் கூடாது, சொக்கிலேற் நாய்க்கு நஞ்சு.

உறை, மெழுகுதிரித் துண்டு, ரப்பர் பட்டி, கேக் வைத்த மினுக்கு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் சேர்த்து, பாகு ஒட்டியவற்றைக் கழுவி, மூடி இறுகும் பீப்பாவில் போட வேண்டும். மூடியின் மேல் ஒரு செங்கல்லை வைத்தால் மான் மூக்கால் தள்ளித் திறக்காது. குப்பை வண்டி அடுத்த நாள்தான் வரும் என்றால் பையை வெளியே வைக்காமல் உள்ளேயே வைத்திருந்து, வண்டியின் ஓசை கேட்ட பிறகு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இரவில் வீதியோரம் வைத்த பை விடியுமுன் கிழிந்திருக்கும். அதன் பிறகு அறையைக் கூட்டி, மேசையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் காலையில் எறும்புச் சாரையொன்று கோப்புகளின் மேல் ஏறியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மானின் வாயில் பொலித்தீன் தொங்குவதைக் கண்டால் அதைப் பிடித்து இழுக்கக்கூடாது. பாதி விழுங்கிய பொலித்தீன் உள்ளே தொண்டையையும் குடலையும் கிழிக்கலாம், துரத்தினால் மான் பயந்து வீதிக்கு ஓடும். மற்றவர்களை விலக்கிவிட்டு, மான் நிற்கும் இடத்தையும் அதன் அடையாளத்தையும் குறித்துக்கொண்டு, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். புள்ளிமான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதால், நாமாகப் பிடித்துக் கட்டி மருந்து கொடுக்க முயல்வதும் தவறு. குரங்கோ நாயோ கடித்தாலோ கீறினாலோ, காயம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நோய்த் தடுப்பூசி தேவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.